கசங்கி

கசங்கலை எடுத்தே வயிற்றைக் கழுவிய குடும்பத்தில், பிறந்ததிலிருந்தே கசங்கிக் கிடக்கும் ஒரு செடிக்கு இடம் கிடைத்தது பெரிய விஷயம்தான். அதற்கு அண்ணிதான் காரணம். கடையில் எது ஏறுமாறாக நடந்தாலும் அதற்கு அண்ணிதான் காரணம் என்று மடிப்பு அந்த நாளில் அடித்துச் சொல்வாள்.

மடிப்பு என்பது பட்டப்பெயர். அண்ணன் நடத்திய சலவைக் கடையில் இஸ்திரி மேசை அவளுடையது. அவள் தேய்த்துக் கொடுத்த கால்சட்டையின் மடிப்பில் விரல் வைத்தால் வெட்டிவிடும் என்று வாடிக்கைக்காரர்கள் கிண்டலடிக்கப் போய், அந்தப் பெயர் அவள் மேல் ஒட்டிக்கொண்டது. அண்ணன் பின்கட்டில் துவைப்பான். அண்ணி முன்னால் உட்கார்ந்து துணி வாங்குவாள், சட்டைப்பைகளைத் துழாவுவாள், காலையில் கஞ்சி கரைப்பாள், நேரம் மிஞ்சினால் நாத்தனாரோடு சண்டை போடுவாள். நேரம் எப்படியோ மிஞ்சிவிடும்.

துணி தண்ணீரில் விழுவதற்கு முன் பையைத் துழாவ வேண்டும் என்பது கடையின் சட்டம். சாவி வரும், பேனா வரும், பாதி தின்ற மிட்டாய் வரும். ஒருநாள் பல் வைத்தியரின் சட்டைப்பையிலிருந்து ஈரத்தாளில் சுற்றிய ஒற்றை இலை வந்தது. அண்ணி அதைத் தனியாக எடுத்து வைத்து, அவர் வந்ததும் நீட்டினாள்.

"இது என்னங்க, மருந்து இலையா?"

பல் வைத்தியருக்கு முகம் சிவந்துவிட்டது. "இல்லம்மா. ஒருத்தர் வீட்டுக்குப் போயிருந்தேன், அங்க தொட்டியில பார்த்தேன். கேக்கக் கூச்சமா இருந்துச்சு, கிள்ளிட்டேன். இப்ப வீட்டுக்குக் கொண்டுபோனா எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேப்பாங்க. நீங்களே வெச்சுக்கங்க."

திருட்டுச் சொத்து அப்படித்தான் கைமாறியது. அண்ணி ஒரு மருந்துக் குப்பியின் மூடியில் மண் போட்டு, காம்பைச் செருகி, இஸ்திரி மேசைக்குப் பக்கத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். மடிப்பு அதைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். சில வாரங்கள் கழித்து அந்த இலையின் அடியிலிருந்து கடுகளவில் ஒரு குட்டி இலை எட்டிப் பார்த்தபோது, முதலில் கவனித்தவளும் அவள்தான். ஆனால் வாய் திறக்கவில்லை. அண்ணி தானாகவே பார்த்துக் கூவட்டும் என்று விட்டுவிட்டாள்.

இதய வடிவ இலை. கரும்பச்சை. நரம்பு ஓடும் இடமெல்லாம் ஆழமான பள்ளம், இடையிடையே புடைத்த மேடு, சிவந்த காம்பு. பிழிந்த துணியை உதறாமல் அப்படியே காயப்போட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. "கசங்கி" என்று பெயர் வைத்தது அண்ணன். அது வளர்ந்து தொட்டி நிறைந்து, முதன்முறையாகப் பூத்தபோது, வெளிறிய வால்போல நீட்டிக்கொண்டிருந்த பூவைப் பார்த்து எலி என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்ததும் அவன்தான். அதைச் சொல்லிச் சொல்லியே இரண்டு பெண்களும் பல வருடம் சிரித்தார்கள். இருவரும் சேர்ந்து சிரித்த விஷயங்கள் குறைவு. அவற்றில் இது ஒன்று.

"தேய்ச்சு விடவா அண்ணி? பார்க்கவே சகிக்கல" என்பாள் மடிப்பு, ஆவி கக்கும் இஸ்திரிப் பெட்டியைச் செடிப் பக்கம் நீட்டி.

"முதல்ல உன் மூஞ்சியைத் தேய்ச்சுக்க" என்பாள் அண்ணி.

இதே பேச்சு, இதே பதில், வருடக்கணக்காக. ஒருநாள் சொல்ல மறந்தால் உடம்பு சரியில்லையா என்று அண்ணன் கேட்பான்.

பிறகு அண்ணன் போய்ச் சேர்ந்தான். அவன் போன பிறகும் இரண்டு பேரும் கடையை நடத்தினார்கள். இங்கேயே இருந்துவிடு என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. விடிந்தால் கடை திறக்க வேண்டியிருந்தது, அதனால் இருந்தார்கள். மாடியில் ஒரே வீடு, எதிரெதிர் அறைகள், ஒரே அடுப்பு. கட்டடம் கைமாறி, புது ஆள் கீழே கடை இருந்த இடத்தைக் கைபேசிக் கடைக்கு விட்டபோது, மிச்சமிருந்த சாமான்களை அட்டைப்பெட்டிகளில் கட்டி மாடிக்கு ஏற்றினார்கள். கசங்கியை அண்ணி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். இனி இந்த இஸ்திரிப் பெட்டியைக் கையால் தொடமாட்டேன் என்று மடிப்பு சபதம் போட்டாள். அன்றிலிருந்து கசங்கிய துணியையே உடுத்திக்கொண்டு தெருவில் நடந்தாள். ஊருக்கே மடிப்பு எடுத்துக் கொடுத்தவளின் கோபம் அப்படி வெளிப்பட்டது.

அந்த வருடமே, வெளியூரில் கட்டிக்கொடுத்திருந்த அண்ணியின் மகளுக்குக் குழந்தை பிறந்தது. கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று அண்ணி கிளம்பினாள். வாசலில் நின்று பையைத் திறந்து பார்த்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு அண்ணி" என்றாள் மடிப்பு.

"கசங்கியைப் பார்த்துக்க" என்று சொல்லிவிட்டு அண்ணி படியிறங்கினாள்.

கொஞ்ச நாள் என்பது நீண்டுகொண்டே போனது. தொலைபேசியில் அண்ணி முதலில் செடியைத்தான் விசாரிப்பாள். நாத்தனார் அடுத்தபடி.

"கசங்கி எப்படி இருக்கா?"

"அவளுக்கென்ன, ராணி மாதிரி இருக்கா."

பச்சைப்பொய். கசங்கிக்கு மாடி வீடு ஒத்துக்கொள்ளவில்லை. இலை ஓரங்கள் பழுப்பாகி முறுமுறுவென்று ஆகிவிட்டன. தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று மடிப்பு காலையும் மாலையும் ஊற்றினாள். காம்புகள் கொழகொழத்து அடியோடு சாய்ந்தன. பதறிப்போய் மண்ணை மாற்றி, அழுகியதைக் கிள்ளி எறிந்து, தொட்டுப் பார்த்து மண் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுவது என்று திருந்தினாள். அழுகல் நின்றது. பழுப்பு மட்டும் நிற்கவில்லை. வெயில் படாத வெளிச்சமான இடமாகப் பார்த்து, கூடத்து ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்தாள். அதற்கும் மசியவில்லை.

இந்த நிலையில்தான் அண்ணியிடமிருந்து அந்த அழைப்பு வந்தது.

"இங்கேயே இருந்துடுங்கம்மான்னு மக சொல்றா. எனக்கும் அங்க என்ன இருக்கு, கடையும் இல்ல. அடுத்த வாரம் ஒருநாள் வந்து கசங்கியை எடுத்துட்டுப் போயிடறேன்."

"வாங்க, வாங்க. தாராளமா எடுத்துட்டுப் போங்க" என்றாள் மடிப்பு. குரல் என்னவோ நன்றாகத்தான் வந்தது. வைத்த பிறகு நாற்காலியில் உட்கார்ந்தவளுக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை.

எதிர் அறையின் கதவு திறந்தே கிடந்தது. அண்ணி போர்வையைக்கூட மடித்து வைத்துவிட்டுத்தான் போயிருந்தாள். இத்தனை வருடம் அந்த அறையிலிருந்து இருமல் கேட்டால் எரிச்சல் வரும், இப்போது இருமலுக்காகக் காது ஏங்கியது. செடி போய்விட்டால் அண்ணி இந்த வீட்டுப் படியை எதற்காக மறுபடி மிதிக்கப் போகிறாள்? செடி செத்துவிட்டால் இந்த ஒருமுறைகூட வரமாட்டாள். தழைத்தாலும் வம்பு, வாடினாலும் வம்பு. யோசித்து யோசித்துப் பார்த்து, வாடிய செடியை அண்ணியின் கையில் கொடுக்கிற கேவலம் மட்டும் வேண்டாம் என்று முடிவு செய்தாள். மானம் என்று ஒன்று இருக்கிறதே.

கடையில் இந்தச் செடியை யார் சீராட்டினார்கள்? அண்ணி எப்போதாவது ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுவாள், அவ்வளவுதான். பிறகு எப்படி அப்படிக் கொழித்தது? வெறும் அலமாரித்தட்டு. பக்கத்தில் நாள் முழுக்க மடிப்பு நின்று தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் அவளுக்கு உறைத்தது. ஆவி. காலை முதல் மாலை வரை இஸ்திரிப் பெட்டி கக்கிய ஆவியைக் குடித்துத்தான் கசங்கி வளர்ந்திருக்கிறது. தேய்த்து விடவா என்று கிண்டல் செய்து செய்து அவளே ஊட்டி வளர்த்திருக்கிறாள். மேசைக்குப் பக்கத்துத் தட்டில் அதை வைத்தபோது அண்ணிக்கு இது தெரிந்திருக்குமா என்று யோசித்தாள். தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்கமாட்டாள், அவள் அப்படிப்பட்டவள்.

இஸ்திரிப் பெட்டியைத் தொடுவதில்லை என்ற சபதம் குறுக்கே நின்றது. சரி, தண்ணீரைப் புகையாகத் தெளித்தால் போயிற்று. அட்டைப்பெட்டியைப் பிரித்து, கடையில் துணி நனைக்க வைத்திருந்த தெளிப்புப் பாட்டிலை எடுத்தாள். ஒரே மாதிரி வெள்ளைப் பாட்டில்கள் இரண்டு இருந்தன. விசை நன்றாக அமுங்குவதாகப் பார்த்து ஒன்றை எடுத்தாள். முனை அடைத்துக்கொண்டிருந்தது. வெந்நீரில் போட்டு ஊசியால் குத்தி விட்டாள். தண்ணீர் நிரப்பி, வேளை தவறாமல் தெளித்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள்.

இலைகளில் மெல்ல ஒரு வெண்மை படிந்தது. மேடுகளில் மங்கலாக, பள்ளங்களில் கனமாக. பூஞ்சை என்று நினைத்து இன்னும் அதிகமாகத் தெளித்துக் கழுவினாள். இன்னும் அதிகமாக வெளுத்தது. அண்ணி வருவதற்கு மூன்று நாள்தான் இருந்தது. ஒரு இலையை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து மெதுவாக வளைத்துப் பார்த்தாள்.

விரல்களுக்குத் தெரிந்துவிட்டது. புத்திக்கு அப்புறம்தான் தெரிந்தது. அந்த விறைப்பு, அந்த மொறமொறப்பு, வளைத்தால் நிதானமாக நிமிர்கிற அந்தத் திமிர். வாழ்நாளெல்லாம் அவள் கையில் புரண்ட விறைப்பு அது. நல்ல முழுக்கைச் சட்டையின் காலர் அப்படித்தான் இருக்கும்.

கஞ்சி. கசங்கிக்கு அவள் கஞ்சி போட்டிருக்கிறாள்.

அட்டைப்பெட்டி முன்னால் உட்கார்ந்து இரண்டு பாட்டில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கடையில் மேசையின் இடப்பக்கம் தண்ணீர், வலப்பக்கம் கஞ்சி. காலையில் நிரப்பி வைப்பது அண்ணி. மாறிவிடக்கூடாதென்று கஞ்சிப் பாட்டிலின் கழுத்தில் ஒரு சிவப்பு நூலும் கட்டி வைப்பாள், நைந்தால் புதிது கட்டுவாள். மடிப்பு ஒருநாளும் அந்த நூலைப் பார்த்ததில்லை. பார்க்காமலே கையை நீட்டுவாள், இடது கைக்குத் தண்ணீர் வரும், வலது கைக்குக் கஞ்சி வரும். இப்போது நூல் இற்று விழுந்திருந்தது. அட்டைப்பெட்டிக்குள் இடம் ஏது, வலம் ஏது. பாட்டிலின் அடியில் காய்ந்து ஒட்டியிருந்த கஞ்சி, ஊற்றிய தண்ணீரில் கரைந்து கரைந்து வந்திருக்கிறது. முனை ஏன் அடைத்திருந்தது என்பதும் அப்போதுதான் புரிந்தது.

முதலில் சிரிப்பு வந்தது. தனியாகச் சிரித்தாள். எலி வாலுக்குப் பிறகு இவ்வளவு நல்ல விஷயம் இந்தச் செடியிடம் நடக்கவில்லை, இதைச் சொல்ல எதிர் அறையில் ஆள் இல்லையே என்று நினைத்ததும் சிரிப்பு அழுகையாகிவிட்டது. அண்ணன் செத்தபோதுகூட அண்ணிக்குத் தெரியாமல்தான் மடிப்பு அழுதாள். இப்போது யாருக்கு ஒளிக்க வேண்டும்? அந்தப் பாட்டில்களுக்கு முன்னாலேயே உட்கார்ந்து நன்றாக அழுதாள்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து வேலையைத் தொடங்கினாள். கறை எடுப்பதென்றால் அவளுக்குச் சொல்லித்தர வேண்டுமா. வெதுவெதுப்பான தண்ணீர், காலர் ஓரம் தேய்க்கும் மெல்லிய தூரிகை. ஒவ்வொரு இலையாக உள்ளங்கையில் ஏந்தி, பள்ளம் பள்ளமாக நனைத்து ஊறவைத்துத் துலக்கினாள். பல இலைகள் தாங்கவில்லை, காம்போடு கையில் வந்தன. அவற்றில் பசுமை மிச்சமிருந்த ஒன்றை எறிய மனமில்லாமல், மருந்து மூடி ஒன்றைத் தேடி, மண் போட்டுச் செருகி வைத்தாள். கடைசியில் தொட்டியில் நடுக்கொத்தும் சுற்றிலும் நாலைந்து இலைகளுமே நின்றன.

பிறகு சபதத்தைக் கைவிட்டாள். மேசையை விரித்து, இஸ்திரிப் பெட்டியில் தண்ணீர் நிரப்பி, கசங்கியைச் சூடு படாத தூரத்தில் வைத்து, கைக்கு அகப்பட்டதையெல்லாம் தேய்த்தாள். தலையணை உறை, திரைச்சீலை, கரித்துணிகூட விடவில்லை. ஆவி எழுந்ததும் அந்தப் பழைய வாசனை வந்தது: சூடான பருத்தி, சோப்பு, கொஞ்சம் கஞ்சி. பின்கட்டில் அண்ணன் துணியை அடித்துத் துவைக்கிற சத்தமும் முன்னால் அண்ணி யாரிடமோ பொத்தான் விட்டுப்போனதற்கு வாதாடுகிற குரலும் இதோ கேட்டுவிடும் போலிருந்தது. அண்ணி பெட்டியில் விட்டுப்போயிருந்த அண்ணனின் சட்டை ஒன்று கிடைத்தது. அதைத் தேய்க்க வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். அப்போதெல்லாம் எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம் என்று முதன்முதலாக ஒப்புக்கொண்டாள். இருந்தபோது அது சந்தோஷம் என்று தெரியவில்லை, தலைக்கு மேல் வேலை என்றுதான் தெரிந்தது.

சொன்ன நாளில் அண்ணி வந்தாள். கையில் ஒரு காலிக் கூடை, அடியில் மெத்தென்று துணி விரித்து. இளைத்திருந்தாள். கூடத்துக்குள் வந்ததும் விரித்திருந்த இஸ்திரி மேசையைப் பார்த்தாள், மடிப்பு கலையாத மடிப்பின் உடையைப் பார்த்தாள். நேரே செடியிடம் போனாள்.

"ராணி மாதிரி இருக்கான்னியே?"

"வயசாயிடுச்சுல்ல அண்ணி."

அண்ணி குனிந்து ஒரு இலையை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து மெதுவாக வளைத்தாள். எவ்வளவு துலக்கியும் பள்ளத்தின் ஆழத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கத்தான் செய்தது. அண்ணியின் முகம் மாறியது. திரும்பி நாத்தனாரைப் பார்த்தாள்.

"ஏன்டி, கஞ்சி போட்டியா?"

மடிப்பு திருட்டு முழி முழித்தாள். இனி மறைத்துப் பயனில்லை என்று ஆவி கதையில் தொடங்கிப் பாட்டில் கதை வரைக்கும் கொட்டித் தீர்த்தாள். அண்ணி பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், முடியாமல் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "நீலம் போடலையா? நீலமும் போட்டிருக்கலாமே" என்று கேட்டுவிட்டு மறுபடி சிரித்தாள். மடிப்பும் சிரித்தபடியே எதிரில் உட்கார்ந்தாள்.

சிரிப்பு அடங்கியது. அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடையைப் பக்கத்தில் இழுத்தாள்.

"போகாதீங்க அண்ணி" என்றாள் மடிப்பு.

சொன்ன பிறகு அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. "எனக்கு உங்களை விட்டா யாரும் இல்ல. சண்டை போடறதுக்குக்கூட ஆளில்ல. வீடு வீடா இல்ல அண்ணி. இங்கேயே இருந்துடுங்க."

அண்ணி கூடையிலிருந்து கையை எடுத்தாள்.

"இதைச் சொல்றதுக்கு ஒரு செடிக்குக் கஞ்சி போட வேண்டியிருந்துச்சா உனக்கு?" என்றாள். "அன்னிக்குக் கிளம்பும்போது வாசல்ல எவ்வளவு நேரம் நின்னேன். இருங்கன்னு ஒரு வார்த்தை வரும், வரும்னு பையைத் திறந்து திறந்து மூடினேன். நீ பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னே."

மடிப்பு நகர்ந்து வந்து அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். வாழ்க்கையில் அதற்கு முன் அந்தக் கையைப் பிடித்ததில்லை.

"மக கோவிச்சுக்குவாளே அண்ணி?"

"கோவிப்பா. மாசத்துக்கு ஒரு வாட்டி போய்ப் பேரனைப் பார்த்துட்டு வந்தா ஆறிடுவா. இப்போதைக்குக் கசங்கிக்கு உடம்பு சரியில்லன்னு சொல்றேன். பொய்யா என்ன?"

அண்ணி எழுந்து மருந்து மூடியில் செருகியிருந்த இலையைப் பார்த்தாள். அதை எடுத்து மேசைக்குப் பக்கத்தில், தொட்டியை ஒட்டி வைத்தாள். காலிக் கூடையைப் பரணில் தூக்கிப் போட்டாள். அதில் விரித்திருந்த துணியை மட்டும் கையில் வைத்துக்கொண்டாள். அதன் ஓரத்திலிருந்து ஒரு சிவப்பு நூலை உருவி, கஞ்சிப் பாட்டிலின் கழுத்தில் சுற்றி முடிச்சுப் போட்டுப் பல்லால் கடித்து அறுத்தாள். இன்னொரு பாட்டிலைக் கழுவித் தண்ணீர் நிரப்பினாள். எது எங்கே என்று ஒன்றும் சொல்லாமல் இரண்டையும் மேசைமேல் வைத்துவிட்டு, தன் போர்வையை எடுத்துவர எதிர் அறைக்குப் போனாள்.

"இதையும் கொஞ்சம் தேய்ச்சுக் குடு. பெட்டி சூடாத்தானே இருக்கு" என்று உள்ளேயிருந்தே குரல் கொடுத்தாள். கூடவே இருமினாள்.

மடிப்பு போர்வையை வாங்கி மேசைமேல் விரித்தாள். பார்க்காமலே இடது கையை நீட்டினாள். தண்ணீர் பாட்டில் அங்கே இருந்தது.